மாப்ளே என்று கூப்பிட்டதற்கு

எங்கள் வீட்டில் என் வாயைத் திருத்தாதவர் ஒருவரும் இல்லை. விருதுநகர்க் காலேஜில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்த அன்றே தொடங்கிவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்த இடத்தில், எங்கள் பௌதிக வாத்தியார் ஒரு நமுத்த கேப்பு என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன கேப்பு?"

"நமுத்த கேப்பு. ஈரத்துல நமுத்த பொட்டு வெடி, எம்புட்டுத் தட்டுனாலும் சத்தம் வராதுல்ல, அது."

"ஏலே, வாத்தியாரைச் சொல்ற சொல்லா இது? காசைக் கொட்டிக் காலேஜுக்கு அனுப்புனா, வாயில சாக்கடையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்."

அய்யா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே ஒன்றும் சொல்ல மாட்டார். தம்பி பேசினால் போதும் என்று இருப்பவர். அம்மா மட்டும் குழம்புச் சட்டியை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

நாங்கள் அப்படித்தான் பேசினோம். ஹாஸ்டலில் பாதிப் பேர் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பையன்கள். வெடிக் கம்பெனியோ தீப்பெட்டி ஆபீசோ அச்சாபீசோ, ஏதோ ஒன்று எல்லார் வீட்டுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது. பேச்சும் அங்கிருந்துதான் வந்தது. ஓயாமல் பேசுகிறவன் சரம். சண்டைக்குப் போனவனை இழுத்துப் பிடித்துவிட்டால் திரியைக் கிள்ளியாச்சு. முகத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்புகிறவன் நாலு கலர் லேபிள். முதல் வருசத்துப் பையன் மை காயாதவன். இதில் என்ன அசிங்கம் இருக்கிறது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சரி, எங்கள் வாய் சாக்கடை. சித்தப்பாவின் வாய் என்ன பன்னீரா?

அவருடைய தலைமுறையின் பேச்செல்லாம் மாட்டிலிருந்து வந்தது. கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் போட்டு, மாட்டை நம்பிப் பிழைத்தவர்கள். அதில் தப்பில்லை. ஆனால் மனுசரைப் பற்றிப் பேசும்போதும் மாட்டை விட்டு இறங்க மாட்டார்கள். ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, "பல்லைப் பிடிச்சுப் பாத்தாச்சு, சுழி சுத்தம்" என்றார் சித்தப்பா. கூடத்தில் இருந்த அத்தனை பெரிய மனிதர்களும் அதற்குச் சிரித்தார்கள். எதிர்த்துப் பேசுகிறவனுக்கு மூக்கணாங்கயிறு போட வேண்டும். வேலை மாறிப் போனவன் கட்டுத்தறிக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனவன். களையெடுக்க வரும் கீழத்தெரு ஆட்களை அவர்கள் ஆட்கள் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். "நாளைக்கு எத்தனை உருப்படிலே வருது?" என்பார்கள். வருது. வர்றாங்க இல்லை.

எங்கள் தெருவில் பால்பல் விழாத பிள்ளைகூட, கீழத்தெருவில் பேரன் எடுத்தவரை "ஏலே, இங்கன வா" என்று கூப்பிடும். அவரும் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு "வாறேன் சாமி" என்பார். அந்தப் பிள்ளையின் வாயை யாரும் திருத்தி நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நான் சின்ன வயசிலேயே கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அது கப்சா. ஊருக்குள் இருக்கும்வரை எனக்கும் இது காதில் விழவில்லை. விழ வைத்தவன் என் நண்பன்.

அவன் எங்கள் ஊர்தான், கீழத்தெரு. ஏழாயிரம்பண்ணையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். அவன் அப்பாவுக்கு எங்கள் காட்டில்தான் காலங்காலமாக வேலை. நான் இருந்த ஊரில்தான் அவனும் இருந்தான். ஆனால் அவனோடு ஒரு சொல் பேசியதாக எனக்கு நினைவில்லை. சர்க்கார் ஹாஸ்டலில் தங்கிச் சாத்தூரில் படித்தவன், காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் என் பக்கத்து மேசையில் வந்து நின்றபோதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அவனுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. "நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க, வெளிச்சமா இருக்கும்" என்றான். என் வயசுதான் அவனுக்கும். நானும் அந்த 'நீங்க'வை வாங்கி வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் நின்றேன்.

கொஞ்ச நாள் போனது. ஒருநாள் ஆசிட் குப்பியை மூடாமல் வைத்துவிட்டு நான் ஏதோ சரம் விட்டுக்கொண்டிருந்தேன். முழங்கை அதில் இடிக்கப் போன நேரத்தில் அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாப்ளே, கையை எடுடா, வெந்துபோவே."

இழுத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. நான் சிரித்தேன். "ஏன்டா நிறுத்திட்டே, இன்னொரு தடவை சொல்லு" என்றேன். கொஞ்சம் பொறுத்து அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு நான் மாப்ளே, எனக்கு அவன் மாப்ளே. ஹாஸ்டலில் எல்லாரும் எல்லாருக்கும் மாப்ளேதான். ஒரே வாளிச் சாம்பார், ஒரே தண்ணீர்ப் பானை, ஒரே டம்ளர். யார் எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னவன் எவனும் இல்லை.

ஊருக்கு வரும்போதுதான் கூத்து. விருதுநகரில் பஸ் ஏறும்போது மாப்ளே, சீட்டுப் போடு மாப்ளே, ஜன்னல் ஓரம் எனக்கு மாப்ளே. சாத்தூர் ஸ்டாண்டில் வண்டி மாறும்போது அவன் குரல் இறங்கிவிடும். ஏழாயிரம்பண்ணை வண்டியில் ஏறியதும் பின்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வான். எனக்கு ஆத்திரமாக வரும்.

"ஏன்டா இப்படிப் பயந்து சாகுறே? யாரு என்ன செஞ்சுருவாங்க?"

"ஒனக்கு இது பேச்சு மாப்ளே. எனக்கு எங்கய்யாவோட கூலி. நீ பேசாம வா."

படிப்பு முடிந்தது. நான் மதுரையில் மேலே படிக்கப் போவதென்று முடிவாயிற்று. அவனுக்கு உடனே வேலை வேண்டும். மேலே படிக்க வைக்க யாரும் இல்லை, வீட்டில் தங்கச்சிகள் வேறு. அந்த நேரம் பார்த்து அச்சங்குளம் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் கெமிஸ்ட்ரி படித்த பையன் வேண்டும் என்றார்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் லோடு லோடாக வந்து இறங்கும். சரக்குச் சுத்தமாக இருக்கிறதா, ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்த்து ஸ்டோரில் வைக்க வேண்டும். அந்தக் கம்பெனி முதலாளி சித்தப்பாவுக்கு ரொம்ப வேண்டியவர். சீசனுக்கு எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்கு ஆள் பிடித்து அனுப்புவதே சித்தப்பாதான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை உறுதி. சொல்லாவிட்டால் இல்லை.

நான்தான் சித்தப்பாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "நம்ம பண்ணையாள் மகன்தானே. சொன்ன பேச்சுக் கேட்டு நிப்பான். போகட்டும்" என்றார். அந்தத் 'தானே'யில் எனக்கு எரிந்தது. ஆனாலும் வேலை நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதலாளி அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஊர் பஸ் நிறுத்தத்தில், டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் சித்தப்பாவும் எங்கள் தெரு ஆட்கள் சிலரும். கீழத்தெருக்காரர்களுக்கான கிளாசுகள் வழக்கம்போல் வெளிக்கம்பத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. பஸ் வந்து நின்றது. நண்பன் படியிலிருந்து குதித்தான். அவ்வளவு சந்தோசமாக அவனை நான் பார்த்ததே இல்லை. முதலில் கண்ணில் பட்டது நான். மற்ற எதுவும் படவில்லை.

"மாப்ளே, திரி பத்திக்கிருச்சுடா. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாக."

டீ ஆற்றுகிறவர் கை நின்றது. நண்பன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

சித்தப்பா கிளாசைக் கீழே வைத்தார். கோபமாகப் பேசவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"யாருலே மாப்ளே?"

நான் எழுந்தேன்.

"நான்தான் சித்தப்பா. காலேஜ்ல எல்லாப் பயலும் எல்லாப் பயலையும் இப்படித்தான் கூப்பிடுவான். இதுல ஒண்ணும் இல்லை."

"தெரியும்லே. நானும் விருதுநகரு பஜாருக்கு மிளகா ஏத்திக்கிட்டுப் போறவன்தான். ஒங்க பயலுக பேசுறதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மொறை வச்சுச் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா? அங்கன சொல்லிக்கிடட்டும். இந்த ஊரு எல்கைக்குள்ள சொல்லக் கூடாது. அம்புட்டுத்தான்."

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அவருக்கு விளங்காமல் இல்லை. பெரியவர்களுக்கு எங்கள் பேச்சு விளங்குவதில்லை, அதனால்தான் திட்டுகிறார்கள் என்று காலேஜில் ஒரு வாத்தியார் சமாதானம் சொல்வார். சுத்தப் பொய். எல்லாம் விளங்கும். விளங்குவதால்தான் திட்டுகிறார்கள்.

பெஞ்சில் இருந்த ஒருவர், "மாப்ளேன்னு சொல்லியாச்சு, சீர் செனத்தி எப்பவாம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை.

"ஏலே, நாளைச் சாயங்காலம் ஒங்கப்பனைக் கூட்டிக்கிட்டு நம்ம வாசலுக்கு வா. வந்து சொல்லிட்டுப் போ. திங்கக்கிழமை நானே ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போய்க் கம்பெனியில விடுறேன். வரலைன்னா, நீ படிச்ச படிப்பை வச்சு வேற ஊரு பாத்துக்க."

'வந்து சொல்லிட்டுப் போறது' என்பது எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கீழத்தெருக்காரர் யாராவது வாய்தவறி ஏதாவது சொல்லிவிட்டால், எந்த வீட்டுக்காரரைச் சொன்னாரோ அந்த வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். துண்டு இடுப்பில், செருப்பு தெருமுனையில். பெற்றவன் பக்கத்தில் நிற்க வேண்டும். தெருக்காரர்கள் கூடியிருப்பார்கள். "தெரியாமச் சொல்லிட்டேன் சாமி" என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அதோடு விட்டுவிடுவார்கள். அடிக்க மாட்டார்கள். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள்: நம்ம ஊர்ல கை நீட்டுற பழக்கமே கெடையாது என்று.

அன்றைக்கு வீட்டில் நான் சண்டை போட்ட மாதிரி அதற்கு முன் போட்டதில்லை. அய்யா ஈஸிச்சேரில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டார். சித்தப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் கூப்பிட்டது என்னைய. எனக்குக் கோவம் இல்லை. ஒங்களுக்கு என்ன?"

"ஒன்னையக் கூப்பிட்டா ஒன் வீட்டைக் கூப்பிட்ட மாதிரிலே. மாப்ளேன்னா யாரு? பொண்ணு கொடுத்து எடுக்குற மொறையுள்ளவன்."

"அப்படியா? அந்தக் கம்பெனி மொதலாளியை நீங்க எப்படிக் கூப்பிடுறீக?"

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"போன மாசம் இங்கன கார்ல வந்து எறங்குனாருல்ல. 'வாங்க மாப்ளே, ஆர்டர் எம்புட்டு ஆச்சு'ன்னு கேட்டீக. அவரு ஒங்களை மச்சான்னு சொன்னாரு. அவரு நம்ம சாதியா? எந்தத் தெருவுல பொண்ணு கொடுத்தாரு, எந்தத் தெருவுல எடுத்தாரு?"

"அது யாவார மொறைலே."

"இது காலேஜ் மொறை."

"அவரு கார்ல வர்றவரு."

சொல்லிவிட்டார். அவரே சொல்லிவிட்டார். நான் பேப்பரைப் பார்த்தேன், அதாவது அய்யாவைப் பார்த்தேன். பேப்பர் ஆடவில்லை. அம்மா அடுப்படி நிலையில் நின்று, "தம்பி, விட்டுரு. அந்தப் பையனுக்கு வேலை கெடைக்கட்டும், அதைப் பாரு" என்றாள். எல்லாரும் அந்த வேலையையே காட்டி என் வாயைக் கட்டினார்கள்.

மறுநாள் காலையில் கீழத்தெருவுக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் அவன் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை இறக்கினார். "வாங்க சின்ன மொதலாளி, நீங்க இங்கனல்லாம் வரலாமா" என்றார். ராத்திரி முழுக்க அப்பனும் மகனும் தூங்கவில்லை என்பது இருவர் கண்ணையும் பார்த்தாலே தெரிந்தது.

"நீ வராதே. வேற வேலை பாக்கலாம். நான் மதுரையில கேக்குறேன்" என்று நண்பனிடம் சொன்னேன்.

"யாருகிட்டக் கேப்பே?"



அவன் அப்பா இடையில் புகுந்தார். "ஒரு சொல்லு தானய்யா. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன். வாயி தேஞ்சா போச்சு? ஒனக்கு அது ஒரே ஒரு தடவை. வேலை ஆயுசுக்கும்."

"நீங்க சொன்னீக அய்யா. நான் சொல்ல மாட்டேன்."

"பெறகு?"

"வர்றேன். வந்து வேற சொல்றேன்."

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மகனையே கொஞ்ச நேரம் பார்த்தார். வாய்க்கு வாய் சாமி போடுகிற அந்த மனுசருக்கு, மகன் அதைச் சொல்லாமல் இருப்பது பயமா, உள்ளுக்குள் ஒரு சந்தோசமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் வந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. வாசலில் காயப் போட்டிருந்த மிளகாயை ஓரமாக ஒதுக்கித் தெருக்காரர்களுக்கு இடம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு நெடியில் தொண்டை எரிந்தது. நான் படியிறங்கிப் போய் நண்பன் பக்கத்தில் நின்றேன். "மேல வாலே" என்றார் சித்தப்பா. நான் நகரவில்லை.

அவன் அப்பாவுக்குத் துண்டு இடுப்பில். அவன் துண்டே கொண்டு வரவில்லை. காலேஜுக்குப் போட்டு வரும் வெள்ளைச் சட்டை, முழுக்கை, பொத்தான் எல்லாம் போட்டிருந்தான்.

"சொல்லுலே" என்றார் சித்தப்பா.

"நேத்து டீக்கடையில ஒங்க மகனை மாப்ளேன்னு கூப்பிட்டேன். இனிமேக் கூப்பிட மாட்டேன்."

"தெரியாமன்னு சொல்லு."

"தெரிஞ்சுதாங்க கூப்பிட்டேன்."

வாசல் முழுக்க ஒரு முணுமுணுப்பு. டீக்கடையில் சீர் செனத்தி கேட்டவர், "பய சட்டையைப் பாத்தீகளா, கஞ்சி போட்டிருக்கான். வாயிலயும் போட்டிருக்கான்" என்றார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நானும்தான் இவனை மாப்ளேன்னு கூப்பிடுறேன். நான் எந்த வாசல்ல வந்து நிக்கணும்? கீழத்தெருவுல எந்த வாசல்னு சொல்லுங்க, இப்பவே போறேன்."

நண்பன் என் கையைப் பிடித்தான். வலிக்கிற அளவுக்குப் பிடித்தான்.

"நீ பேசாம இரு."

அவன் என்னை நீ என்று சொன்னது அதுதான் கடைசி. அப்போது எனக்கு அது தெரியாது.

அவன் அப்பா முன்னால் வந்து தரையில் குனிந்தார். "சாமி, சின்னப் பய. அவனுக்கும் சேத்து நான் சொல்லிக்கிடுறேன். தெரியாமச் சொல்லிட்டான் சாமி." கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை. நண்பன் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு நிலைக்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சித்தப்பா நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டார். பிறகு, "இனிமேக் கூப்பிட மாட்டேன்னு சொன்னேல்ல? எங்கனயும்?" என்றார்.

"இவுகளை எங்கனயும் கூப்பிட மாட்டேன்."

இவுகளை. என் பக்கத்தில் நின்றுகொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை இவுகளை என்றான்.

"அது போதும். திங்கக்கிழமை காலையில வந்துரு" என்றார் சித்தப்பா. கூட்டம் கலைந்தது. சாமி என்று அவன் சொல்லவில்லை, தெரியாமல் என்றும் சொல்லவில்லை, ஜெயித்துவிட்டான் என்று எனக்கு ஒரு நிமிசம் தோன்றியது. நான் மடையன். சித்தப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

வேலை கிடைத்தது. சித்தப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதையும் பின்னால் பலரிடம் பெருமையாகச் சொன்னார்.

நான் மதுரையிலிருந்து விடுமுறைக்கு வந்த சமயம், கம்பெனிக்கு ஆள் கணக்குப் பேசச் சித்தப்பா போனார். நண்பனைப் பார்க்கலாமே என்று நானும் கூடப் போனேன். காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ஷெட்டுகள். சீசன் நேரம். சித்தப்பா முதலாளி அறைக்குள் போனார். உள்ளேயிருந்து "வாங்க மச்சான்" என்று சத்தம் கேட்டது. நான் ஸ்டோர்ப் பக்கம் போனேன்.

நண்பன் கதவுக்கு வெளியே நின்று, லோடு இறக்குகிற பையன்களோடு பேசிக்கொண்டிருந்தான். அலுமினியப் பவுடர் முழங்கை வரை ஒட்டி, கை வெள்ளியில் செய்தது போல மின்னியது. "மாப்ளே, அந்த மூட்டையைத் தரையில வைக்காதே, ஈரம் ஏறும். பலகையில வை மாப்ளே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பையன்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியவில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். ஒருவன், "நீ வேணா வந்து தூக்கு மாப்ளே, படிச்ச ஒடம்பு தாங்குதான்னு பாப்போம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும்.

என்னைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க. எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?"

"டேய், என்னடா இது."

"வெயில்ல நிக்காதீக. இங்கன நெழலுக்கு வாங்க."

"ஒன்னைய அடிச்சே கொன்னுருவேன். இங்கன யாரு இருக்கா கேக்க? எல்கையைத் தாண்டி எம்புட்டுத் தூரம் வந்தாச்சு. மாப்ளேன்னு சொல்லுடா."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அதில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் கொளுத்தியது.

"எங்கய்யா இன்னும் ஒங்க காட்டுலதானே இருக்காரு. சொன்ன சொல்லு அவரு தலையில நிக்குது. நான் இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணுன்னு பேசிப் பழகுனேன்னா, என்னைக்காவது ஒருநாள் பஸ்ஸை விட்டுக் குதிக்கும்போது வாயில வந்துரும். அதான் ஒரேயடியா விட்டுட்டேன்."

"அப்ப நான் யாரு ஒனக்கு?"

"அது நீங்க சொல்ல வேண்டியது இல்லை, நானும் சொல்ல வேண்டியது இல்லை. டீ சொல்லட்டுமா?"

டீ வந்தது. ஒரே மாதிரியான இரண்டு கிளாஸ். குடித்தோம். மதுரையில் படிப்பு எப்படி என்று கேட்டான். தங்கச்சி ஒருத்தியைச் சாத்தூரில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவன் பழைய வேகத்தில் பேசினான். ஒவ்வொரு வாக்கியமும் க-வில் முடிந்தது. கேட்டீக, சொன்னீக, வந்தீக. இவ்வளவு மரியாதையை என் வாழ்க்கையில் யாரும் என் மூஞ்சியில் அடித்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்த காரியம் நல்லபடி முடிந்த திருப்தி அவருக்கு.

"பாத்தேலே அந்தப் பயலை? மொதலாளி அப்படிப் புகழுறாரு. எம்புட்டு மரியாதையாப் பேசுறான் எல்லார்கிட்டயும். காலேஜுல படிச்சவன்னா அப்படி இருக்கணும். நீயும்தான் படிச்சே. நமுத்த கேப்புங்குறே, நாலு கலருங்குறே. ஒரு பெரியவங்க சின்னவங்க கெடையாது. இந்தக் காலத்துப் பயலுகள்ல அவன் ஒருத்தனுக்குத்தான் வாயி சுத்தம்."

நான் எழுந்து மணிக்கயிற்றை இழுத்தேன். நிறுத்தம் எதுவும் இல்லாத இடம். இரண்டு பக்கமும் காய்ந்த காடு. கண்டக்டர், "இங்கன எறங்கி எங்க தம்பி போறே?" என்றார்.

"எங்கலே போறே? உக்காருலே" என்றார் சித்தப்பா.

"நீங்க போங்க. நான் நடந்து வர்றேன்."

"சித்தப்பா கூப்பிடுறேன், உக்காருன்னு சொல்றேன்."

"நீங்க போங்க" என்றேன் மறுபடியும்.

இறங்கிவிட்டேன். பஸ் கிளப்பிய புழுதி அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. ஊர் வருவதற்குள் இருட்டிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு இவனுக்கு என்னவாம்?" என்று அம்மா கேட்டாள்.

"அவுக கிட்டக் கேளுங்க" என்றேன்.

அம்மா யாரைச் சொல்கிறேன் என்று சுற்றிப் பார்த்தாள். சித்தப்பாவுக்கு விளங்கியது. பிசைந்த கை நின்றது. அய்யாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். முதல் தடவையாகப் பேப்பர் இல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்த மனுசரை நான் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாங்க, போங்க, இருங்க, சாப்பிட்டீகளா. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எதிரே வருகிறவரிடமெல்லாம் அவர் அதைத்தான் சொல்லி ஆற்றிக்கொள்கிறாராம், காலேஜுக்கு அனுப்பினதில் பயலுக்கு முறையே மறந்துபோச்சு என்று. சொல்லட்டும்.